சாட்சி மாத்தி மாத்திச் சொன்னா தண்டனை தப்புன்னு ஆயிடுமா?

கேள்வி இதுதான்: ஒரு கொலை கேஸ்ல நேர்ல பார்த்த சாட்சி போலீஸ்கிட்ட ஒரு மாதிரியும் கோர்ட்ல வேற மாதிரியும் சொல்லியிருக்காங்க, இருந்தும் ஆயுள் தண்டனை குடுத்துட்டாங்க, இவ்ளோ முரண்பாடு இருந்தா உள்ள இருக்கறவர் நிரபராதின்னு தானே அர்த்தம்?

இல்லைங்க, அப்படி நேரா சொல்லிட முடியாது. நான் ஜில்லா கோர்ட்ல கிரிமினல் சைடு பாக்குற வக்கீல், பெரும்பாலும் எதிரி தரப்புக்குத்தான் (குற்றம் சாட்டப்பட்டவர கோர்ட்ல எதிரின்னுதான் சொல்வோம்) ஆஜராகறேன், அதனால சாட்சி சொல்றதுல ஓட்டை தேடறதுதான் என் பொழப்பே. அந்தப் பழக்கத்துலயே சொல்றேன், முரண்பாடே இல்லாத சாட்சின்னு ஒருத்தர நான் பார்த்ததில்ல, அப்படி ஒருத்தர் வந்தா எனக்கு சந்தேகம்தான் வரும். நாலு பேர் ஒரே சம்பவத்த பார்த்துட்டு நாலு பேரும் ஒரே வாக்கியத்த ஒப்பிச்சா அது முதல் நாள் ராத்திரி உக்கார வச்சு சொல்லிக்குடுத்தது. அடி எந்தக் கையில விழுந்துச்சு, அப்ப மணி ஒன்பதா ஒன்பதரையா, சட்டை நீலமா பச்சையா, இதெல்லாம் மாறத்தான் செய்யும். கேஸ் விசாரணைக்கு வரும்போது சம்பவம் நடந்து நாலஞ்சு வருஷம் ஆகியிருக்கும்ல. 1983ல குஜராத் கேஸ் ஒண்ணுல (பர்வாடா போகின்பாய் கேஸ்னு சொல்வாங்க) சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, சாட்சியோட மனசுல வீடியோ டேப் ஓடுறதில்ல, சின்னச் சின்ன வித்தியாசத்த வச்சு மொத்தத்தையும் தூக்கிப் போடக்கூடாதுன்னு. அரசு வக்கீல் ஆர்க்யூமென்ட்டுக்கு எழுந்தாலே இந்தத் தீர்ப்பு வந்துடும், அதுக்காக இது தப்பான தீர்ப்புன்னு நான் சொல்லமாட்டேன்.

இன்னொண்ணு, ஒரே ஒரு சாட்சிய நம்பி தண்டனை குடுக்கலாமான்னும் நிறைய பேர் கேப்பாங்க. குடுக்கலாம். நம்ம ஊர் கேஸ்தான் அதுக்கு அடிப்படை, வடிவேலு தேவர் கேஸ், 1957. டீக்கடைக்காரர் ஒருத்தர் கொலை, பார்த்த சாட்சி அவரோட மனைவி மட்டும்தான், அந்த ஒரு சாட்சிய வச்சே மரண தண்டனை உறுதியாச்சு. முழுசா நம்பலாம், முழுசா நம்ப முடியாது, ரெண்டுங்கெட்டான்னு சாட்சிகள மூணு ரகமா பிரிச்சது அந்தத் தீர்ப்புதான். மூணாவது ரகம்னா வேற ஆதாரம் துணைக்கு வேணும். அதனால எத்தனை சாட்சிங்கறது மேட்டரே இல்ல.

அப்ப எதத்தான் பாக்கணும்? என் அபிப்பிராயம், முரண்பாடு எத்தனைன்னு எண்ணாதீங்க, சொன்னது எந்தப் பக்கமா நகர்ந்துச்சுன்னு பாருங்க. காலம் போகப் போக ஞாபகம் மங்கணும், அதுதான் இயற்கை. முதல் நாள் "ஆளு யாருன்னு சரியா தெரியல, இருட்டா இருந்துச்சு"ன்னு சொன்னவங்க நாலு வருஷம் கழிச்சு கூண்டுல ஏறி "இதோ ஆஜர் எதிரி நம்பர் ஒண்ணுதான் அரிவாளால வெட்டினார்"னு பளிச்சுனு சொன்னா, அந்த வெளிச்சம் நடுவுல எங்கிருந்து வந்துச்சு? அதத்தான் தோண்டணும். சாட்சி பொய் சொல்றாங்கன்னு கூட நான் சொல்ல வரல, பெரும்பாலும் அவங்க மனசார நம்பித்தான் சொல்றாங்க. பொய் சொல்றவங்கள கிராஸ்ல (குறுக்கு விசாரணையில) மடக்கிடலாம், நம்பிச் சொல்றவங்கள மடக்கறது ரொம்ப கஷ்டம்.

இதுக்கு உலகத்துலயே நல்ல உதாரணம் அமெரிக்காவுல நார்த் கரோலினாவுல நடந்த ரொனால்ட் காட்டன் கேஸ். 1984 ஜூலை, பர்லிங்டன்னு ஒரு ஊர், ஒரே ராத்திரியில ரெண்டு பெண்கள் வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்து பலாத்காரம் பண்றான். முதல் பெண் ஜெனிஃபர் தாம்ப்சன், 22 வயசு காலேஜ் ஸ்டூடண்ட் (பின்னாடி அவங்களே பேரச் சொல்லி ஊர் ஊரா பேசினதால பேரு சொல்றேன்), அந்த நிலைமையிலயும் இவன் முகத்த மனசுல பதிய வச்சுக்கணும், உயிரோட தப்பிச்சா இவன உள்ள தள்ளணும்னு உத்து உத்து பார்த்திருக்காங்க. இதவிட நல்ல சாட்சி கிடைப்பாங்களா சொல்லுங்க. போலீஸ் ஆறு போட்டோ காட்டுறாங்க, அவங்க நாலஞ்சு நிமிஷம் யோசிச்சு, போலீஸ் சந்தேகப்பட்ட காட்டனோட போட்டோவ எடுக்கறாங்க. அப்புறம் சில நாள்ல ஆளுங்கள வரிசையா நிக்க வச்சு காட்டுறாங்க, அங்கயும் ரெண்டு பேருக்கு நடுவுல தயங்கிட்டு காட்டனக் காட்டுறாங்க. போட்டோவுலயும் வரிசையிலயும் ரெண்டுலயும் இருந்தது காட்டன் ஒருத்தர் மட்டும்தான்! முடிச்சதும் போலீஸ், நீங்க போட்டோவுல எடுத்ததும் இவனைத்தான்னு சொல்லிடறாங்க. அவ்ளோதான், தயக்கம் போயே போச்சு. கோர்ட்ல வந்து நிக்கும்போது அவங்களுக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது.

இதுல என்ன நடந்துச்சுன்னா, அந்த ராத்திரி பார்த்த முகத்துக்கு மேல போட்டோ முகம் உக்காந்துடுச்சு, அதுக்கு மேல வரிசையில பார்த்த முகம். கடைசியில அவங்க ஞாபகத்துல இருந்தது காட்டன் முகம், நிஜமாவே இருந்தது.

ரெண்டாவது பெண்ணோட கதை உங்க கேள்விக்கு இன்னும் நேரா வருது. அவங்க வரிசையில காட்டன எடுக்கல, வேற ஒருத்தரக் காட்டினாங்க. 1985 ஜனவரியில நடந்த முதல் விசாரணையில ஜூரிக்கு (குற்றவாளியா இல்லையான்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழு) இந்த விஷயத்தக் காட்டவே விடல, அதனாலதான் அப்பீல்ல மறு விசாரணைக்கு உத்தரவு வந்துச்சு. காட்டனுக்கு நல்ல காலம்னு தானே நினைப்பீங்க. 1987ல மறு விசாரணை, அதே பெண் இந்தத் தடவை கூண்டுல ஏறி காட்டன்தான்னு கை காட்டிட்டாங்க. முதல்ல ஒரு கேஸ்ல தண்டனை, இப்ப ரெண்டு கேஸ்லயும். ஆயுளோட கூட 54 வருஷம்.

இதவிடக் கொடுமை, அதே ஜெயில்ல இருந்த பாபி பூல்னு ஒருத்தன் இத நான்தான் செஞ்சேன்னு சக கைதிகிட்ட சொல்லியிருக்கான்னு காட்டன் தரப்பு சொல்லுச்சு, அவனையே கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்து ரெண்டு பெண்கள் முன்னாடியும் நிறுத்தினாங்க. ரெண்டு பேருமே இவன் இல்லன்னுட்டாங்க. 1995ல டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணப்ப முதல் பெண்ணோட சாம்பிள் கெட்டுப் போயிருந்துச்சு, ரெண்டாவது பெண்ணோட சாம்பிள்ல இருந்தது பூல். பத்தரை வருஷம் உள்ள இருந்துட்டு காட்டன் வெளிய வந்தார். சாம்பிள் ரெண்டுமே கெட்டிருந்தா? இன்னைக்கும் அவர் உள்ளதான் இருந்திருப்பார், நாமளும் ரெண்டு பேர் நேர்ல பார்த்திருக்காங்க அப்புறம் என்னன்னு பேசிட்டிருப்போம். அமெரிக்காவுல டி.என்.ஏ. மூலமா நிரபராதின்னு தெரிஞ்ச முதல் 375 பேர் கேஸ்ல கிட்டத்தட்ட 69 சதவீதத்துல தப்பா அடையாளம் காட்டின சாட்சி இருந்திருக்கு.

அது அமெரிக்கா, ஜூரி சிஸ்டம், இங்க அப்படி நடக்காதுன்னு கமெண்ட்ல யாராவது வருவீங்க. அதுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். 2003 ஜூன், மகாராஷ்டிரா நாசிக் கேஸ். ராத்திரி ஒரு குடும்பம் இருந்த குடிசைக்குள்ள ஒரு கும்பல் புகுந்து கொள்ளை, பலாத்காரம், அஞ்சு கொலை. காயத்தோட உயிர் பிழைச்சது தாயும் ஒரு மகனும். நாடோடி சமூகத்தச் சேர்ந்த ஆறு பேர பிடிச்சாங்க. 2006ல நாசிக் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு. 2007ல பாம்பே ஹைகோர்ட் மூணு பேருக்கு தூக்க உறுதி பண்ணி மூணு பேருக்கு ஆயுளா குறைச்சுது. 2009ல சுப்ரீம் கோர்ட், அதெல்லாம் இல்ல ஆறு பேருக்குமே தூக்குதான்னு சொல்லிடுச்சு. நாட்டோட கடைசி கோர்ட் வரைக்கும் போயாச்சு, அதுக்கு மேல என்ன இருக்கு.

ஆனா ஃபைலுக்குள்ள ஒரு விஷயம் இருந்துச்சு. சம்பவம் நடந்த ரெண்டாவது நாளே அந்தத் தாய்கிட்ட போலீஸ் ஆல்பம் காட்டியிருக்காங்க, பழைய குற்றவாளிங்க போட்டோ இருக்குமே அது, அதுல அவங்க நாலு பேர அடையாளம் காட்டியிருக்காங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட இந்த ஆறு பேர்ல இல்ல! அந்த நாலு பேர போலீஸ் கைது பண்ணல, அவங்க மேல கேஸும் இல்ல. அப்புறம் அடையாள அணிவகுப்புல (ஆளுங்கள வரிசையா நிக்க வச்சு சாட்சியக் காட்டச் சொல்றது) அதே தாய் இந்த ஆளுங்கள காட்டினதா ரெக்கார்ட். 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் 2009 தீர்ப்ப வாபஸ் வாங்கி முதல்லேர்ந்து கேட்டுச்சு, 2019 மார்ச் 5ஆம் தேதி ஜஸ்டிஸ் சிக்ரி, அப்துல் நசீர், எம்.ஆர். ஷா பெஞ்ச் ஆறு பேரையும் விடுதலை பண்ணுச்சு. தலைக்கு 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு, அந்த நாலு பேர் விஷயத்துல மேல் விசாரணைன்னு உத்தரவு. 16 வருஷம் போச்சு. அந்த அம்மா பொய் சொன்னாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது, அவங்க இருந்த நிலைமை அப்படி. ஆனா அவங்க முதல் முதல்ல காட்டினது யாரன்னு ஃபைல்ல இருந்தும் மூணு கோர்ட் தாண்டி வந்துடுச்சு பாருங்க, என் ஆத்திரம் அதுமேலதான்.

சரி, நம்ம ஊர் கோர்ட்ல இதெல்லாம் எப்படி வெளிய வரும்னு சொல்றேன், சினிமாவுல காட்டற மாதிரி மேஜைய தட்டறதெல்லாம் கிடையாது. போலீஸ் விசாரணையில சாட்சி சொன்னத எழுதி வைப்பாங்க, சட்டப் பிரிவு நம்பர வச்சு 161 ஸ்டேட்மெண்ட்னு சொல்லுவோம், 2024 ஜூலையிலேர்ந்து புது சட்டத்துல அது 180, ஆனா கோர்ட் வராண்டாவுல இன்னும் 161தான். அதுல சாட்சி கையெழுத்து இருக்காது, அத ஆதாரமாவும் எடுத்துக்க முடியாது. எதிரி தரப்பு அத வச்சு ஒண்ணே ஒண்ணுதான் பண்ண முடியும், சாட்சிய முரண்பட வைக்கலாம். எப்படின்னா, கிராஸ்ல "ஆஜர் எதிரிய தெருவிளக்கு வெளிச்சத்துல பார்த்தேன்னு போலீஸ் விசாரணையில நீங்க சொல்லல"ன்னு போடுவோம். சாட்சி ஒத்துக்கமாட்டார், டெபோசிஷன்ல (கோர்ட்ல பதிவாகற சாட்சியோட வாக்குமூலம்) "நான் போலீசாரிடம் கூறவில்லை என்று சொன்னால் சரியல்ல"ன்னு டைப் ஆகும். அதோட விட்டா வேலை பாதிதான். கடைசியில இன்ஸ்பெக்டர் கூண்டுல ஏறும்போது அதே கேள்விய அவர்கிட்ட கேட்டு, சாட்சி என்னிடம் அவ்வாறு கூறவில்லைன்னு அவர் வாயால வாங்கணும். அப்பதான் அந்த முரண்பாடு ரெக்கார்ட்ல நிரூபணம் ஆகும். இந்த ரெண்டாவது பாதிய மறந்து தோத்த கேஸ் எத்தனையோ இருக்கு, நடுவுல வக்கீல் மாறியிருப்பார், இல்ல வசதி இல்லாதவங்களுக்கு இலவச வக்கீல் கடைசி நேரத்துல வந்திருப்பார். நீங்க பேப்பர்ல படிக்கற முரண்பாடு அப்பீல் கோர்ட் கண்ணுக்கே தெரியாம போறது இப்படித்தான்.

அடையாள அணிவகுப்பு நடத்தறது மாஜிஸ்திரேட்தான், போலீஸ் உள்ள இருக்கக்கூடாது, ரூல் எல்லாம் ஒழுங்காதான் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடியே ஆளோட போட்டோ பேப்பர்ல வந்துட்டா, இப்ப எல்லாம் வாட்ஸப் குரூப்ல வந்துட்டா, ஸ்டேஷன் வாசல்ல சாட்சி பார்த்துட்டா, அப்புறம் அணிவகுப்பு வெறும் சடங்கு. காட்டன் கேஸ்ல அடிபட்ட நார்த் கரோலினாவுல 2007லயே சட்டம் போட்டாங்க, வரிசை காட்டறவருக்கு சந்தேக நபர் யாருன்னே தெரிஞ்சிருக்கக்கூடாது, சாட்சிக்கு எவ்ளோ உறுதின்னு அப்பவே அவங்க வார்த்தையிலயே எழுதணும்னு. நம்ம ஊர்ல அந்த ரெண்டாவது விஷயத்தயாவது கொண்டு வரலாம், இதுக்கு பெருசா செலவு ஒண்ணும் இல்ல.

உங்க கேள்வியில இருக்கற கேஸ் உங்களுக்குத் தெரிஞ்சவங்களோடதுன்னா (கேட்ட விதத்துல அப்படித்தான் தோணுது), தீர்ப்ப மட்டும் படிச்சுட்டு முடிவுக்கு வராதீங்க, தீர்ப்புல ஜட்ஜ் நம்பினது மட்டும்தான் இருக்கும். சார்ஜ் ஷீட்டோட குடுத்த 161 காப்பி, டெபோசிஷன், எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (சம்பவ இடத்தப் பார்த்து போலீஸ் எழுதறது), மாதிரி வரைபடம் (அந்த இடத்தோட படம்) எல்லாத்துக்கும் நகல் எடுங்க. எஃப்.ஐ.ஆர்ல மாஜிஸ்திரேட் இனிஷியல் போட்டு நேரம் எழுதியிருப்பார், ராத்திரி பத்து மணிக்கு பதிவானதுன்னு போட்ட எஃப்.ஐ.ஆர். மறுநாள் சாயங்காலம் தான் அவர் கைக்குப் போயிருந்தா நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேள்வி வரும். 161 எந்தத் தேதியில கோர்ட்டுக்கு வந்துச்சுன்னு சீல் பாருங்க, மாசக்கணக்குல லேட்டா வந்திருந்தா அதையும் குறிச்சுக்கோங்க. வரைபடத்துல தெருவிளக்கு இருக்கா, சாட்சி நின்ன இடம் இருக்கா. எதிரி சாட்சிக்கு முன்னாடியே தெரிஞ்ச ஆளா, இல்ல முன்பின் தெரியாத ஆளா, இது ரொம்ப முக்கியம், பக்கத்து வீட்டுக்காரரோட முகத்துக்கு வெளிச்சம் ரொம்ப தேவையில்ல, தெரியாத ஆளுக்குத் தேவை. அப்புறம் சாட்சி முதல் தடவை என்ன சொன்னாங்களோ அத ஒரு பக்கமும் கோர்ட்ல சொன்னத எதிர்ப்பக்கமும் எழுதி, நடுவுல தேதி வாரியா என்னென்ன நடந்துச்சுன்னு போட்டுட்டு ஹைகோர்ட்ல அப்பீல் பாக்குற வக்கீல்கிட்ட குடுங்க. காசுக்கு வழியில்லன்னா ஹைகோர்ட் சட்டப் பணிகள் குழுவுக்கு ஜெயில்லேர்ந்தே மனு போடலாம், சூப்பிரண்டு மூலமா அனுப்பி வைப்பாங்க. அப்பீல் போடற கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்த மன்னிக்கச் சொல்லி சேர்த்தே மனு போடலாம், அதுக்காக இனிமே முடியாதுன்னு உக்காந்துடாதீங்க.