கிஃப்ட் கார்டு கொடுத்தால் மரியாதைக் குறைவா?

தீபாவளிக்கு முன்னால் வருகிற கடிதங்கள் எப்போதும் பட்டுச் சேலை, சீட்டுப் பணம், மாமியார் என்று மூன்று பக்கம்தான் போகும். இந்தத் தடவை பாதிப் பேர் கிஃப்ட் கார்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த வாரம் முழுக்க அதையே பார்த்துவிடுவோம். மாமியார்கள் அடுத்த வாரம்.

கேள்வி: அக்கா, என் அண்ணன் மகன் இந்த வருஷம் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறான். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஒரு கிஃப்ட் கார்டு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். என் வீட்டுக்காரரோ, "அட்டையைக் குடுத்தா, அத்தைக்குக் கடைக்குப் போகச் சோம்பல்னு நினைப்பான், பேசாம ரூபாயா குடு" என்கிறார். எது சரி?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்கிற பெரிய ஆன்லைன் கடையின் கார்டு, ஐந்நூறு ரூபாய், கீழே அவர்களே அச்சடித்த 'ஹேப்பி தீபாவளி'. இப்படி ஒன்று கொடுப்பதாக இருந்தால் ரூபாய் நோட்டே மேல். ஆனால் ஹாஸ்டலில் இருக்கிற பையன் கையில் ரூபாய் எத்தனை நாள் நிற்கும்? ராத்திரி பரோட்டா, போன் ரீசார்ஜ், எவனோ ஒருத்தனுக்குக் கைமாற்று என்று போய்விடும், அத்தை கொடுத்தது எதில் போனது என்று அவனுக்கே தெரியாது. கார்டில் உள்ள நல்ல விஷயம் அது ஒரு கடைக்குள்ளேயே நிற்கும் என்பதுதான், அதனால் அந்தக் கடை எது என்பதில்தான் உங்கள் மூளை வேலை செய்ய வேண்டும்.

முதலில் உங்கள் மதினிக்கு ஒரு போன் போட்டு, பிள்ளைக்கு என்ன இல்லாமல் இருக்கிறது என்று கேளுங்கள். அம்மாக்களுக்கு இது தெரியும். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு திரிகிறான் என்றோ, மூக்குக்கண்ணாடியை பெவிக்விக் போட்டு ஒட்டி வைத்திருக்கிறான் என்றோ ஏதாவது ஒன்று வரும். அந்தப் பொருள் விற்கிற கடை, அதுவும் அவன் காலேஜிலிருந்து ஒரு பஸ்ஸில் போகக்கூடிய கடையாகப் பார்த்து கார்டு எடுங்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் மட்டும் இருக்கிற கடையின் கார்டை அவன் கோயம்புத்தூரில் வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

அப்புறம் தொகை. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஷூ ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு கார்டு கொடுக்காதீர்கள், மீதி எண்ணூறை அவன் கையிலிருந்து போடச் சொல்வது பரிசு இல்லை, செலவு வைப்பது. உங்களால் ஆயிரம்தான் முடியும் என்றால் ஆயிரத்துக்குள் முழுதாக வாங்க முடிகிற ஒரு சாமானை யோசியுங்கள். கூடவே ஒரு சின்னத் தாளில் உங்கள் கையெழுத்தில் நாலு வரி: "ஊக்கு குத்துன செருப்போட எங்க வீட்டுக்கு வராதே, காலில் கிழிச்சிரும்." இது போதும். வாழ்த்துக் கவிதை எல்லாம் வேண்டாம். நாம் அவனைக் கவனித்திருக்கிறோம் என்று அந்தச் செருப்பு வரியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நண்பன் கல்யாணத்துக்கு கிஃப்ட் கார்டு கொடுத்தால் மொய் நோட்டில் எப்படி எழுதுவார்கள்?
— வாசகர், வள்ளியூர்

பதில்: எழுத மாட்டார்கள் தம்பி, எழுதவும் சொல்லாதீர்கள். மொய் நோட்டு கணக்குப் புத்தகம், நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்தில் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் அவர்கள் கவர் போடுவார்கள். அங்கே 501 ரூபாயோ 1001 ரூபாயோ ரொக்கமாக எழுதிவிட்டு வாருங்கள். கார்டைத் தனியாகக் கொடுங்கள், அதுவும் மேடையில் வேண்டாம். மேடையில் கொடுக்கிற கவர் எல்லாம் மாப்பிள்ளை தோழன் வைத்திருக்கிற பைக்குள் போய், ராத்திரி அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பிரிக்கும்போது யார் கொடுத்தது என்றே தெரியாமல் போய்விடும். மறுவீடு எல்லாம் முடிந்து, புதுக்குடித்தனம் வைத்த பிறகு அந்த வீட்டுக்குப் போய்க் கொடுத்தால் மிக்ஸி இல்லையா, குக்கர் இல்லையா, திரைச்சீலை மாட்டவில்லையா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கையில் நாள் இருந்தால் இன்னொரு யோசனை சொல்கிறேன். பத்தமடையில் மணமக்கள் பெயரைப் போட்டு கல்யாணப் பாய் நெய்து தருகிறார்கள். கோரையை ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறி, சாயம் ஏற்றி நெய்கிற வேலை, அதனால் பத்திரிகை கைக்கு வந்தவுடனேயே சொல்லி வைத்துவிட வேண்டும், முந்தின வாரம் போய் நின்றால் நடக்காது. அந்தப் பாயைச் சுருட்டி, சுருளுக்குள் வீட்டுச் சாமான் கடை கார்டைச் சொருகிக் கொடுங்கள். பாயை ஊரெல்லாம் பார்க்கும், கார்டு அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

ஒற்றை ரூபாய் விஷயம் வேறு சிலரும் கேட்டிருந்தீர்கள். பல கார்டுகளில் தொகையை நாமே அடித்துக்கொள்ளலாம், 1001 என்றே போடுங்கள். முடியாத கார்டு என்றால் கவரில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிவிடுங்கள், பெரியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேள்வி: மகளைக் கட்டிக்கொடுத்து பெங்களூரில் இருக்கிறாள். வரும் தை மாதம் அவளுக்குத் தலைப்பொங்கல். எனக்கு முட்டுவலி, அவள் அப்பாவுக்கும் அவ்வளவு தூரம் பயணம் ஒத்துக்கொள்ளாது. மகன், "பொங்கப்படிக்குப் பதிலா ஒரு கிஃப்ட் கார்டை போன்ல அனுப்பிருவோம்மா, ஒரு நிமிஷ வேலை" என்கிறான். மனசு ஒப்பவில்லை. நான் பழைய காலத்து ஆளாக இருக்கிறேனா?
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை அம்மா, உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. பொங்கப்படி என்பது மகளுக்கு மட்டும் கொடுப்பது இல்லையே, அவள் புகுந்த வீட்டின் முன்னால் கொண்டுபோய் இறக்குவதும்தானே. பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்குலை, பனங்கிழங்கு, காய்கறி எல்லாம் கூடத்தின் நடுவில் இருந்தால்தான் படி. "உங்க அம்மா வீட்டுல இருந்து படி வந்துச்சா?" என்று அவள் மாமியாரோ எதிர்வீட்டுக்காரரோ கேட்கும்போது பிள்ளை போனைத் திறந்து ஒரு நம்பரைக் காட்ட முடியுமா? தலைப்பொங்கல் வேறு.

அதற்காக முட்டுவலியோடு நீங்கள் கரும்புக்கட்டைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறவும் வேண்டாம். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டியது, அங்கே நம் ஊர்ப் பக்குவத்தில் கிடைக்காதது, இதை மட்டும் இங்கிருந்து அனுப்புங்கள்: வெண்கலப் பானை, மஞ்சக்குலை, ஒரு கட்டுப் பனங்கிழங்கு. கிழங்கை அவிக்காமல் அனுப்பினால் நாலு நாள் தாங்கும். ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டு, மாப்பிள்ளையைக் காலையில் போய் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. அரிசி, வெல்லம், காய்கறி, கரும்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும், அதற்கு அவள் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடையின் கார்டு. அந்தக் கார்டை போனில் அனுப்பாமல், அட்டையாகவே வாங்கியோ, மகனிடம் சொல்லித் தாளில் பிரிண்ட் எடுத்தோ, ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் மஞ்சள் கிழங்கும் குங்குமமும் வைத்து அதற்குள் போட்டு, பானைக்குள் வைத்துவிடுங்கள். பானையைத் திறக்கிறவர்கள் கையில் முதலில் கொட்டான்தான் வரும். உங்கள் மகன் சொன்ன ஒரு நிமிஷ வேலை ஒரு மணி நேரம் ஆகும், அந்த பிரிண்ட் எடுக்கிற அலைச்சலை அவன் தலையிலேயே கட்டுங்கள்.

கேள்வி: பீரோவை ஒதுக்கும்போது பழைய கிஃப்ட் கார்டு ஒன்று கிடைத்தது. தேதி முடிந்துவிட்டது என்று கடையில் கைவிரிக்கிறார்கள். பணம் அவ்வளவுதானா?
— வாசகர், தென்காசி

பதில்: அது எந்த வகைக் கார்டு என்று பாருங்கள். வங்கிகளும் வாலட் நிறுவனங்களும் தருகிற, பல கடைகளில் செல்லுகிற கார்டு என்றால் ரிசர்வ் வங்கியின் விதி அதற்கு உண்டு. 2021இல் வந்த விதிப்படி அப்படிப்பட்ட ஒரு கிஃப்ட் கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் போடலாம், மறுபடி பணம் ஏற்ற முடியாது, ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கவும் முடியாது, ஆனால் குறைந்தது ஒரு வருஷமாவது செல்லுபடியாக வேண்டும், முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் அவர்கள் நினைவுபடுத்தவும் வேண்டும். இந்த வகை என்றால் கார்டு கொடுத்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். ஒரு கடை தன் கடைக்கு மட்டும் என்று தருகிற கார்டு இந்த விதிக்குள் வராது, பின்னால் பொடி எழுத்தில் அவர்கள் போட்டிருப்பதுதான் கணக்கு. அப்போதும் கவுன்டரில் இருக்கிற பையனிடம் வாதாடாமல் மேனேஜரைப் பார்த்துப் பேசுங்கள், தேதி நீட்டித்துக் கொடுக்கிற கடைகள் உண்டு. ஏமாற்றினார்கள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முடிவுத் தேதியைக் கவரின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதுங்கள். பில்லையும் உள்ளே வையுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை, கார்டிலேயே தொகை இருக்கிறதே!

கேள்வி: எங்கள் தலைமையாசிரியை படம் போட்ட வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, "மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாக ஐயாயிரத்துக்கு கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்புங்கள்" என்று வந்தது. அனுப்பலாமா?
— ஆசிரியை, சங்கரன்கோவில்

பதில்: கூடாது. மோசடி. தலைமையாசிரியையின் பழைய எண்ணுக்கு நேரில் போன் செய்து கேளுங்கள். அனுப்பிவிட்டவர்கள் யாராவது இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். கார்டில் சுரண்டினால் தெரிகிற நம்பர்தான் பணம், அது யார் கண்ணில் படுகிறதோ அவர் செலவழித்துவிடலாம். மருமகன் கொடுத்தார் என்று பெருமையாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கார்டைப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். அம்மா களக்காட்டில் தனியாக இருக்கிறார். அவருடைய பிறந்தநாளுக்கு ஆன்லைன் கார்டு அனுப்பினேன், தொடவே இல்லை. கேட்டால் "எனக்கு என்னத்துக்குய்யா, நீயே வச்சுக்கோ" என்கிறார். வேறு என்ன செய்யலாம்?
— வாசகர், துபாய்

பதில்: முதலில், அங்கே இருக்கிற தளத்தில் வாங்கியிருந்தால் அது இங்கே செல்லாமலும் இருக்கலாம். அமேசான் கார்டே ஒரு நாட்டுத் தளத்தில் வாங்கியது இன்னொரு நாட்டுத் தளத்தில் எடுபடாது. செல்லுகிற கார்டாகவே இருக்கட்டும், அம்மா அதை எங்கே கொண்டுபோய் நீட்டுவார்?

அம்மா தினம் போகிற இடங்களை யோசியுங்கள் தம்பி. மளிகைக்கடை அண்ணாச்சி, மருந்துக்கடை, ரவிக்கை தைக்கிற அக்கா, அவசரத்துக்குக் கூப்பிடுகிற ஆட்டோக்காரர். இவர்களில் ஒருவரிடம் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்தால் அதுவும் கிஃப்ட் கார்டுதான், கடைக்காரர் நோட்டில் கணக்கு ஓடும். அண்ணாச்சிக்குப் பணம் அனுப்பி, தொகையும் தேதியும் எழுதி அவர் கையெழுத்துப் போட்ட சீட்டை வாங்கி, அதன் பின்பக்கம் நீங்கள் சொல்லச் சொல்ல ஊரில் இருக்கிற உங்கள் நண்பன் எழுதி அம்மா கையில் கொடுக்கட்டும். சீட்டு கட்டாயம் வேண்டும், வாய்ச்சொல்லில் விடாதீர்கள், அண்ணாச்சி நல்லவராக இருந்தாலும் கடையில் மாறி மாறி ஆள் நிற்பார்கள். மளிகைக்கு என்று மட்டும் போட்டால் அம்மா சிக்கனம் பிடித்துப் பருப்பும் எண்ணெயும் வாங்கி நீங்கள் லீவில் வரும்போது உங்களுக்கே சமைத்துப் போட்டுவிடுவார், ஆகவே "முந்திரி, ஏலக்காய், கருப்பட்டிக்கு மட்டும்" என்று எழுதிவிடுங்கள், கொஞ்சம் திட்டுவார், வாங்குவார்.

எனக்கு இதைவிடப் பிடித்த யோசனை ஒன்று இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது அம்மாவும் அவர் இஷ்டத்துக்கு அழைத்துக்கொள்கிற மூன்று பேரும் போய்வர ஒரு காருக்கு முன்பணம் கட்டி, "குற்றாலம் போக வர, நாலு பேர், நாள் அம்மா சொல்வது" என்று டிரைவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். யாரை அழைத்துப் போவது, யாரை விட்டுவிடுவது என்று தெருவுக்குள் ஒரு மாதம் பேச்சு நடக்கும்.

கேள்வி: கார்டு கொடுத்த பிறகு என்ன வாங்கினாய் என்று கேட்கலாமா?
— வாசகி, வீரவநல்லூர்

பதில்: ஒரு தடவை கேட்கலாம். விலையைக் கேட்கக் கூடாது, மீதி எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்கக் கூடாது. நீங்கள் நாத்தனாருக்குச் சேலை எடுக்கக் கொடுத்த கார்டில் அவர் மகனுக்குச் சட்டை எடுத்திருந்தால், "கலர் நல்லாருக்கே" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு வாருங்கள்.