சித்தப்பாவின் பழைய எச்.டி. 580 போதுமா, புதிது வாங்கவேண்டுமா?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். 90களில் வாங்கிய செனைசர் எச்.டி. 580 ஹெட்போன் அலுமாரியில் சும்மா கிடக்கிறது, கொண்டுவரட்டா என்கிறார். இல்லாவிட்டால் என்னிடம் இருக்கும் காசுக்கு அங்கேயே புது எச்.டி. 660 எஸ்2 அல்லது பெயர்டைனமிக் டி.ரி. 990 புரோ வாங்கிவரச் சொல்லலாம். நான் அதிகம் கேட்பது அப்பா கசெட்டில் பதிந்து வைத்த நாதஸ்வர, தவில் கச்சேரிகள். கொம்பியூட்டரில் ஏற்றி, போனில் கேட்கிறேன். எது நல்லது?"

சித்தப்பாவுடையதையே கொண்டுவரச் சொல்லுங்கள். மிச்சப்படும் காசில் ஒரு பகுதியை ஒரு சோடி புதுக் காது மெத்தைக்கும், போனில் செருகி ஹெட்போனை இணைக்கும் ஒரு நல்ல யூ.எஸ்.பி. டொங்கிளுக்கும் செலவழியுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

முதுகு திறந்த, அதாவது வெளிப்பக்கம் அடைக்காத ஹெட்போன் என்ற வகையையே சந்தைக்குக் கொண்டுவந்தது செனைசர்தான், 1968இல், மஞ்சள் பஞ்சு வைத்த எச்.டி. 414 மூலம். உங்கள் சித்தப்பாவிடம் இருப்பது அதே வீட்டின் நடுவயதுப் பிள்ளை. நிறுவனத்தின் ஐம்பதாவது ஆண்டான 1995இல் எச்.டி. 580இன் ஜூபிலி பதிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து 1997இல் எச்.டி. 600, 2003இல் எச்.டி. 650. 580க்கும் 600க்கும் வெளியில் தெரியும் பெரிய வித்தியாசம், ஒன்றில் பிளாஸ்ரிக் வலை, மற்றதில் உலோக வலை. காது மெத்தை, வயர், தலைப்பட்டிப் பஞ்சு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். எச்.டி. 600 இன்றும் விற்பனையில் இருப்பதால் உங்கள் பழையதற்கும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. பழைய ஹெட்போன் வாங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. இதே காலத்து வேறு எத்தனையோ நல்ல ஹெட்போன்கள் ஒரு மெத்தை கிடைக்காமலே குப்பைக்குப் போயிருக்கின்றன.

பழையதா புதியதா என்று சத்தத்தின் தரத்தை வைத்தே பலர் வாதாடுகிறார்கள். என் அனுபவத்தில் அந்த வித்தியாசத்தில் பாதி, மெத்தை தேய்ந்ததால் வருவது. உள்ளே இருந்து சத்தத்தை எழுப்பும் ட்ரைவர் கவனமாகப் பாவித்தால் முப்பது வருடம் கழிந்தும் ஒழுங்காக வேலை செய்யும். மெத்தைப் பஞ்சு அப்படியல்ல. அது அமுங்கிப்போனால் ட்ரைவர் காதுக்குக் கிட்ட வருகிறது, காதைச் சுற்றியுள்ள இடைவெளி மாறுகிறது, அதோடு தொனியும் மாறிவிடுகிறது. தேய்ந்த மெத்தையோடு பழையதையும், பெட்டியில் இருந்து எடுத்த புதியதையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துச் சத்தமே வேறை" என்றோ "பழசு மங்கல்" என்றோ தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. இரண்டுக்கும் புது மெத்தை போட்டுவிட்டுக் கேட்கவேண்டும்.

நம்முடைய வெக்கையும் உப்புக்காற்றும் இந்தப் பஞ்சுக்குப் பரம எதிரி. பொலியூரதேன் பஞ்சு ஈரப்பதத்தால் உருக்குலையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தூளாகக் கொட்டும். ட்ரைவருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய பஞ்சு வட்டமும் அப்படித்தான், அந்தத் தூள் உள்ளே போகவிடக்கூடாது. ஜெர்மனியில் உலர்ந்த அலுமாரிக்குள் இருந்த ஹெட்போன், இங்கே வந்த முதல் மழைக்காலத்திலேயே முதுமை காட்டலாம். ஆகவே மெத்தை வாங்கும்போது செனைசரின் அசலையே அங்கே வாங்கிவரச் சொல்லுங்கள். மலிவுப் பிரதிகளின் தடிப்பும் துணியும் வேறாக இருக்கும், தொனி தப்பிவிடும். பாவித்த பிறகு மெத்தையைக் காற்றுப்பட விடுங்கள். வியர்வை ஈரத்தோடு பெட்டிக்குள் மூடி வைக்கவேண்டாம். வைத்தே ஆகவேண்டும் என்றால் சிலிக்கா ஜெல் பை ஒன்றைச் சேர்த்து வையுங்கள். வயர் செருகும் முனைகளில் பச்சைப் பூச்சுப் பிடித்தால் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும். அது ட்ரைவர் பழுது அல்ல, துடைத்தால் சரியாகும், இல்லாவிட்டால் வயரை மாற்றினால் சரி.

அடுத்தது ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை அளவு. உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம். எச்.டி. 580 ஒரு 300 ஓம் ஹெட்போன். சாதாரண போன் அல்லது சின்ன டொங்கிள் அதிகபட்சம் 1 வோல்ற் அளவில் தரும் என்று வைத்துக்கொள்வோம். 1 வோல்றை 32 ஓமுக்குக் கொடுத்தால் ஏறக்குறைய 31 மில்லிவாற் போகும், 300 ஓமுக்கு வெறும் 3.3. பத்தில் ஒரு பங்கு. இதனால் ஹெட்போன் கேட்காது என்று பயப்படவேண்டாம், சாதாரண பாட்டுக்கு அது போதும். பிரச்சினை உங்கள் கசெட்டில்தான். பழைய பதிவுகள் பெரும்பாலும் தாழ்ந்த அளவில் இருக்கும், வொலியூமை முழுதாகக் கூட்டினாலும் நிறைவு வராது. அதோடு தவில் அடி திடீரென எழும் சத்தம், அதற்கும் இடம் மிச்சம் இருக்கவேண்டும். 2 வோல்ற் தரும் டொங்கிள் எடுத்தால் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். எனவே வாங்கும்போது எத்தனை வோல்ற் தரும் என்று பார்த்து வாங்குங்கள், விலையைப் பார்த்து மட்டும் அல்ல.

பழைய ஹெட்போன்கள் ஏன் இவ்வளவு ஓமோடு வந்தன? அந்தக் காலத்தில் அவை மின்சாரத்தில் ஓடும் பெரிய அம்பிளிபயர்களில் செருகப்பட்டன. அங்கே வோல்றுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் பழைய ஜப்பான் அம்பிளிபயர் ஒன்று இன்னும் உயிரோடு இருந்தால் எச்.டி. 580ஐ அதில் ஒருமுறை செருகிப் பாருங்கள். அந்த ஹெட்போன் துவாரங்களில் பொதுவாக ஒரு தொடர் மின்தடை இருக்கும். 32 ஓம் ஹெட்போனுக்கு அது தொனியைக் கெடுக்கக்கூடும், 300 ஓமுக்குக் கீழ்ச்சுருதி கொஞ்சம் கூடுவதோடு சரி. எனக்கு அந்தச் சேர்க்கை மிகவும் பிடிக்கும். இன்றைய போக்கு எதிர்த்திசையில் போகிறது: பெயர்டைனமிக்கின் டி.ரி. 900 புரோ எக்ஸ் வெறும் 48 ஓம், போனுக்கும் லப்ரொப்புக்கும் ஏற்றது. செனைசரோ 2017இல் எச்.டி. 660 எஸ்ஸை 150 ஓமுக்கு இறக்கிவிட்டு, 2023இன் எஸ்2இல் மறுபடியும் 300க்கே வந்துவிட்டது. அதனால் எஸ்2 வாங்கினாலும் உங்களுக்கு அதே டொங்கிள் தேவைதான்.

சரி, எஸ்2இல் என்ன லாபம்? கீழ்ச்சுருதி. ட்ரைவர் இயல்பாகவே அதிரும் அளவை, அதாவது ஒத்ததிர்வை, 110 ஹேர்ட்சில் இருந்து 70க்கு இறக்கியிருப்பதாக செனைசர் சொல்கிறது. தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது தடியால் அடிக்கும் பக்கம், நெஞ்சில் இடிப்பதுபோல் வேண்டுமென்றால் அது 580ஐவிட நன்றாகச் செய்யும். ஆனால் அப்பாவின் கசெட்டில் அந்தக் கீழ்ச்சுருதி உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று யோசியுங்கள். திருவிழாப் பந்தலில் சின்ன ரெக்கோடரில் பிடித்த பதிவுகளில் அது பெரும்பாலும் இல்லை. இல்லாததை எந்த ஹெட்போனும் தராது.

டி.ரி. 990 புரோவை உங்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். கட்டுமானம் உறுதியானது, மெத்தை சுகமானது, ஸ்டூடியோ வேலைக்கு நல்லது. ஆனால் அதன் தொனியில் 8 கிலோஹேர்ட்ஸ் பகுதியில் ஒரு மேடு இருக்கிறது. கசெட் இரைச்சல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நாதஸ்வரச் சீவாளியின் கூர்மை, தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரற்கூடு படும் சத்தம் எல்லாம் அங்கே மேலும் கூராகும். ஒரு மணி நேரம் ஆலாபனை கேட்டபின் காது களைத்துவிடும். எச்.டி. 580 நடுச்சுருதியை நேர்மையாகத் தருவது, மேலே அதட்டாதது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையோ யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலையோ பழைய ஒலிப்பதிவில் கேட்பவருக்கு அந்தக் குணம் பொன்னானது.

ஒன்று மட்டும் தெரிந்து வாங்குங்கள். முதுகு திறந்தது என்பதால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், மின்விசிறி இரைச்சலும் கோயில் ஸ்பீக்கரும் உங்களுக்குக் கேட்கும். அதற்குப் பதிலாக, மூடிய ஹெட்போன் அளவுக்குக் காது வியர்க்காது. நம் வெயிலுக்கு அது சின்ன விஷயமில்லை.

சித்தப்பா பெட்டி கட்டுமுன் அவரை அங்கேயே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே குரல் நடுவில் ஒலிக்கும் மோனோப் பதிவு ஒன்றைப் போட்டு, குரல் நடுவில் நிற்கிறதா என்று கேட்கட்டும். பிறகு ஹெட்போனைத் திருப்பிப் போட்டுக் கேட்கட்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வு ஹெட்போனோடு திரும்புகிறதா, அதே காதிலேயே நிற்கிறதா என்பதில் ட்ரைவர் பழுதா வேறேதுமா என்று தெரியும். அடுத்தது, மெல்லிய சத்தத்தில் 20 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை ஏறும் தொனி ஒன்று. கரகரத்தால் உள்ளே ஒரு தலைமயிர் மென்படலத்தில் தொடுகிறதாக இருக்கலாம், இந்த வகையில் அது சகஜம், எடுத்துவிடலாம். தலைப்பட்டிப் பிளாஸ்ரிக்கில் மயிரளவு வெடிப்பு இருக்கிறதா என்று விளிம்புகளைக் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இந்தக் குடும்பத்து ஹெட்போனுக்கு வெடிக்கும் இடம் அதுதான். பயணத்தில் சூட்கேசுக்குள் போடாமல் கையில் கொண்டுவரும் பையில் வைப்பது நல்லது.

தனி அம்பிளிபயரும் யாராவது தருவதாகச் சொன்னால், ஜெர்மனியில் இருந்து வருவது 230 வோல்ற், இங்கே பொருந்தும், செருகியை மட்டும் மாற்றினால் போதும். கனடாவில் இருந்து வருவது 120 வோல்றுக்கானதாக இருக்கலாம். பின்பக்கம் எழுதியிருப்பதை வாசிக்காமல் சுவரில் செருகவேண்டாம்.