அப்பாவின் நினைவாக 42 கிலோமீட்டர் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஐந்து வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடமாக பி.பி. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று, டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று சாப்பிடுகிறேன். அப்பா போன வருடம் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார். கடைசி 23 நாள் அவரைப் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸில் (குணப்படுத்த முடியாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் இடம்) எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அவர்களுக்கு நிதி திரட்ட, வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு தூரமும் ஓடப்போவதாக ஆபீசில் சொல்லிவிட்டேன். ஒன்றரை லட்சம் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் 4 கி.மீ. நடப்பேன், ஒரு மாதமாகத்தான் ஓடுகிறேன். முட்டி வலித்தால் டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்வேன். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மனைவி திட்டுகிறாள். ஓடலாமா?

மருத்துவர் பதில்: இந்த ஜனவரியில் 42 கி.மீ. வேண்டாம். பரிசோதனைகள் சரியாக இருந்தால் 10 கி.மீ. ஓடுங்கள். முழு மாரத்தானை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்வோம்.

நான்கு மாதம் போதும் என்று இணையத்தில் பார்த்திருப்பீர்கள். 16 வாரப் பயிற்சி அட்டவணைகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை ஏற்கெனவே வாரத்துக்கு 25, 30 கி.மீ. ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கானவை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் 'மூச்சு வாங்கவே இல்லை சார்' என்று உற்சாகமாகத் தூரத்தைக் கூட்டியவர்கள், இரண்டாம் மாதம் கால் எலும்பில் விரிசலோடு என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த டைக்ளோஃபினாக்தான். பி.பி. மாத்திரையில் இருக்கும் டெல்மிசார்ட்டான் சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். ஹைட்ரோகுளோரோதையசைடு உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும். டைக்ளோஃபினாக்கோ சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைக்கும். இந்த மூன்றும் சேர்வது சாதாரண நாளிலேயே நல்லதல்ல. மூன்று மணி நேரம் வியர்வை கொட்டிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். போதாததற்கு உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. எனவே டைக்ளோஃபினாக்கை இன்றோடு நிறுத்துங்கள். ஓடும் நாளில் எந்த வலி மாத்திரையும் கூடாது. ஐபுப்ரோஃபெனும் இதே ரகம்தான். 'ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்' என்பது பெரும்பாலும் பயம்தான். அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகமாக வருவதில்லை. ஆனால் வலியை மாத்திரையால் அமுக்கிவிட்டு ஓடினால் முட்டி கெடத்தான் செய்யும். வலித்தால் அன்று நடங்கள். இரண்டு வாரம் கழித்தும் வலித்தால் காட்டுங்கள்.

அடுத்து இதயம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை முழு, அரை மாரத்தான் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடித்த உடனேயோ இதயம் நின்றுபோனது. அதாவது 1,84,000 பேரில் ஒருவர். பெரும்பாலோர் ஆண்கள். லட்சத்தில் ஒருவர்கூட இல்லையே என்று நிம்மதி அடையலாம்தான். ஆனால் 47 வயது, சர்க்கரை, பி.பி. மூன்றும் உள்ளவர் அந்தச் சராசரியில் அடங்கமாட்டார். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் செய்துகொள்ளுங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சோடியம் (ரத்தத்தில் உள்ள உப்புச்சத்து), கண்ணின் விழித்திரை, பாத உணர்வு இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டிரெட்மில் சரியாக வந்தது என்பதற்காக எல்லாவற்றையும் அலட்சியம் செய்ய வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாகவே வராமல் போகலாம். வழக்கமில்லாத மூச்சுத்திணறல், தாடை வலி, குளிர்ந்த வியர்வை, திடீர்ச் சோர்வு என்று வரும். நம் ஊரில் இதற்கு 'கேஸ்' என்று ஒரு பெயர் வைத்து, சோடா குடித்துவிட்டுத் தொடர்ந்து ஓடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். காய்ச்சல் வந்தால் அது விட்ட மறுநாளே ஓட வேண்டாம்; வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையும் தொடக்கூடும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள்: நிறையக் குடி. அளவு மீறினால் அதுவும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களுக்குத்தான் அது அதிகம் நேர்ந்தது. அத்தனை தண்ணீர் குடித்திருக்கிறார்கள். உங்கள் மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதையசைடு சோடியத்தை இன்னும் இறக்கும். தாகம் எடுத்தால் குடியுங்கள், அவ்வளவுதான். அந்த மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சென்னையில் ஜனவரி விடியற்காலை குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராது, உடம்புச் சூடு இறங்காது. ஓடுகிறவர் பேச்சு குழறித் தடுமாறினால் அது வெறும் அசதி இல்லை. உடனே ஐஸ் தண்ணீரில் நனைத்துக் குளிர்விக்க வேண்டும்.

கிளிமிபிரைடு ஓடும்போது சர்க்கரையை விறுவிறுவென்று இறக்கும். மெட்ஃபார்மின் தனியாக அப்படிச் செய்வது அபூர்வம். ஓடும் நாளில் டோஸைக் குறைப்பதா என்பதை இப்போதே உங்கள் டாக்டரோடு பேசி, பயிற்சி நாட்களில் பழகிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் வாழைப்பழமோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு ஓடுங்கள். பாக்கெட்டில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

சரி, ஒன்றரை லட்சம்? அதுதான் உங்களை நிஜமாக அரிக்கிறது என்று நினைக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருவதாகத் தெரியவில்லை. உங்கள் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டுத்தான் தருகிறார்கள். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986-இல் மும்பையில் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை இந்த இடங்கள் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகின்றன. வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரை விலை குறைவு. செலவு எல்லாம் புண்ணைக் கழுவிக் கட்டும் நர்ஸின் சம்பளம், வீடு வீடாகப் போகும் வண்டிக்கு டீசல், அட்டெண்டரின் இரவுப் பணி இவற்றுக்குத்தான். அந்த நர்ஸுக்கு நீங்கள் 10 ஓடினீர்களா 42 ஓடினீர்களா என்பது தெரியவே தெரியாது.

இன்றே ஆபீஸ் குரூப்பில் நான்கு வரி எழுதுங்கள்: 'டாக்டர் சொன்னதால் இந்த வருடம் 10 கி.மீ. ஓடுகிறேன், அடுத்த ஜனவரிக்குத் தயாராகிறேன்.' ஒருவர் இருவர் கேலி செய்வார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பவர் யாரும் இருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். இந்த நான்கு மாதத்தில் வாரம் நான்கு நாள், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில், ஓட்டமும் நடையுமாகப் போங்கள். ஓடிவிட்டு வந்ததும் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு வரை பாருங்கள். கொப்புளம் இருப்பது சர்க்கரைக்காரருக்கு வலித்துத் தெரியாமல் போகலாம்.

ஓட்டத்துக்கு முதல் நாள் உங்கள் பந்தய எண் அட்டையின் பின்பக்கம் சர்க்கரை, பி.பி. இரண்டையும், மாத்திரைகளின் பெயரையும், திட்டுகிற உங்கள் மனைவியின் போன் நம்பரையும் எழுதிவிடுங்கள்.