மெயிலில் கையொப்பம் நீக்கும் மேக்ரோ: கேள்வி பதில்

மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கில் மேக்ரோ (ஒரு வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி மெயில் கையொப்பங்களை நீக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கையொப்பம் என்று நான் சொல்வது மெயிலின் அடியில் வரும் பெயர், பதவி, போன் நம்பர், லோகோ எல்லாம் சேர்ந்த பகுதியை. டிஜிட்டல் சிக்னேச்சர், அதாவது மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் மின்னணு முத்திரை, வேறு சங்கதி, அதைப் பற்றிக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடியுங்கள். நான் வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் பேச்சு விண்டோஸில் ஓடும் கிளாசிக் அவுட்லுக்கைப் பற்றியது.

கேள்வி: சார், ரிப்ளை போடும்போதெல்லாம் என் கையொப்பம் தானாக ஏறிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் கையால் அழிக்கிறேன். மேக்ரோ எப்படி எழுதுவது?

உங்களுக்கு மேக்ரோவே வேண்டாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், சிக்னேச்சர்ஸ் என்று உள்ளே போங்கள். புது மெயிலுக்கு ஒன்று, ரிப்ளை மற்றும் ஃபார்வர்டுக்கு ஒன்று என இரண்டு தேர்வுகள் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று மாற்றினால் போதும். இரண்டு மூன்று மெயில் கணக்குகள் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக மாற்ற வேண்டும், பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: வெளியே போகும் மெயிலில் கையொப்பம் இருக்க வேண்டும், அலுவலகத்துக்குள் போவதில் இருக்கக்கூடாது. இதையும் செட்டிங்கில் செய்ய முடியுமா?

செட்டிங்கில் முடியாது, இதற்கு மேக்ரோதான் வழி. அவுட்லுக் 2007-லிருந்து மெயில் எழுதும் இடம் உள்ளுக்குள் வேர்டுதான். அவுட்லுக் கையொப்பத்தைப் போடும்போது அதைச் சுற்றி ஒரு மறைவான புக்மார்க் வைக்கிறது. அதன் பெயர் மெயில்ஆட்டோசிக், முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் உண்டு. உங்கள் கையொப்பம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை, அவுட்லுக்கே கோடு போட்டு வைத்திருக்கிறது.

ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தி எடிட்டரைத் திறந்து, திஸ்அவுட்லுக்செஷன் பகுதியில் ஐட்டம்சென்ட் நிகழ்வை எழுதுங்கள். மெயில் அனுப்பும் கணத்தில் அது ஓடும். அதில் முதலில் பெறுநர் பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே ஒரு முகவரி வெளியாருடையது என்றாலும் எதையும் தொடாமல் வெளியேறிவிடுங்கள். எல்லோரும் உள்ளே இருப்பவர்கள் என்றால் கெட்இன்ஸ்பெக்டர் வழியாக வேர்டுஎடிட்டரை எடுத்து, புக்மார்க்ஸின் ஷோஹிடன் என்பதை ட்ரூ ஆக்கி, எக்ஸிஸ்ட்ஸ் மூலம் அந்தப் புக்மார்க் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் மட்டும் அதன் ரேஞ்சை டெலிட் செய்யுங்கள்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் சர்வர் உள்ள அலுவலகங்களில் உள்ளூர் பெறுநரின் அட்ரஸ் என்ற பண்பைக் கேட்டால் நமக்குத் தெரிந்த மெயில் முகவரி வராது, சாய்கோடுகளோடு நீளமான உள்முகவரி ஒன்று வரும். கெட்எக்ஸ்சேஞ்ச்யூசர் வழியாகப் பிரைமரிஎஸ்எம்டிபிஅட்ரஸைக் கேட்டு அதில் டொமைனை (@ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை) ஒப்பிடுங்கள். இன்னொன்று, சிலர் கையொப்பத்தின் நடுவிலேயே கர்சரை வைத்து ‘பி.கு.’ என்று இரண்டு வரி எழுதுவார்கள். அது புக்மார்க்குக்குள் விழுந்துவிடும், மேக்ரோ அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். அலுவலகம் முழுவதற்கும் இதைக் கொடுப்பதாக இருந்தால் இந்த ஒன்றை மட்டும் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, பட்டன் வைத்து ஓடுகிற மாதிரி இதே மேக்ரோவை எழுதினேன். தனி விண்டோவில் வேலை செய்கிறது. ரீடிங் பேனில் (மெயிலைத் தனியே திறக்காமல் படிக்கும் பகுதியில்) அப்படியே ரிப்ளை எழுதும்போது பிழை காட்டுகிறது.

ரீடிங் பேனுக்குள் எழுதும்போது இன்ஸ்பெக்டர் என்ற விண்டோவே திறக்கவில்லை தம்பி, அதனால் ஆக்டிவ்இன்ஸ்பெக்டர் வெறுமையாகத் திரும்புகிறது. அவுட்லுக் 2013-லிருந்து இதற்கென்றே ஆக்டிவ்எக்ஸ்ப்ளோரரின் கீழ் ஆக்டிவ்இன்லைன்ரெஸ்பான்ஸ்வேர்டுஎடிட்டர் என்று ஒன்று உண்டு. முதலில் ஆக்டிவ்இன்ஸ்பெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இதை எடுங்கள். மீதி வரிகள் அப்படியே இருக்கலாம்.

கேள்வி: என் பக்கம் கையொப்பம் போய்விட்டது. ஆனால் மெயில் போய்ச் சேர்ந்தவர் நிறுவனத்தின் பெயரும் ‘இந்த மெயில் ரகசியமானது’ என்ற பத்தியும் அப்படியே இருக்கிறது என்கிறார்.

அது உங்கள் கணினியில் சேர்ந்தது இல்லை. மெயில் சர்வரில் விதி எழுதி, கடந்து போகும் ஒவ்வொரு மெயிலிலும் ஒட்டுகிறார்கள். உங்கள் மேக்ரோ வேலை முடித்த பிறகு அது நடக்கிறது. ஐடி பிரிவில்தான் கேட்க வேண்டும், உள்ளூர் மெயில்களுக்கு விலக்கு தரும் வசதி அவர்களிடம் இருக்கிறது.

கேள்வி: வாடிக்கையாளர் புகார்கள் பல வருடங்களாக ஒரே ஃபோல்டரில் சேர்ந்திருக்கின்றன. வாசகங்களை எக்செலுக்கு எடுத்து, எந்தப் புகார் அதிகம் என்று பார்க்க வேண்டும். கையொப்பத்தில் இருக்கும் ஊர்ப்பெயர், கம்பெனிப் பெயர் எல்லாம் கணக்கில் கலந்துவிடுகிறது. எப்படி நீக்குவது?

இந்தத் தலைப்பிலேயே பயனுள்ள வேலை இதுதான், கஷ்டமானதும் இதுதான். அடுத்தவர் எழுதிய மெயிலில் கையொப்பம் எங்கே தொடங்குகிறது என்று அவர் பயன்படுத்திய மென்பொருளுக்குத்தான் தெரியும். ஆகவே அது விட்டுச் சென்ற தடயத்தை முதலில் தேடுங்கள். வார்த்தையைப் பார்த்து ஊகிப்பது எல்லாம் தீர்ந்த பிறகுதான். நிறையப் பேர் தலைகீழாகத் தொடங்கி, ‘தேங்க்ஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் வெட்டுகிறார்கள். ‘தேங்க்ஸ், ஆனால் பொருள் இன்னும் வரவில்லை’ என்று எழுதியவரின் புகாரே அதில் போய்விடுகிறது.

மூல மெயிலில் எதையும் அழிக்காதீர்கள். எச்டிஎம்எல்பாடியை (வடிவமைப்புக் குறிகளோடு கூடிய மெயில் வாசகத்தை) படித்து, ஒரு மாறியில் வைத்து, அந்த நகலில் வெட்டி, எக்செலில் எழுதுங்கள். சேவ் என்ற கட்டளை இந்த மேக்ரோவில் எங்குமே வரக்கூடாது.

தடயங்களுக்கு வருவோம். ஜிமெயிலில் எழுதியவரின் கையொப்பம் ஜிமெயில் அண்டர்ஸ்கோர் சிக்னேச்சர் என்ற கிளாஸ் (வகைப் பெயர்) கொண்ட டிவ்வுக்குள், அதாவது எச்டிஎம்எல்லில் ஒரு பகுதியைச் சுற்றி வைக்கும் குறிக்குள், இருக்கும். தண்டர்பேர்டில் அதன் பெயர் மோஸ்-சிக்னேச்சர். பிரௌசரில் அவுட்லுக் பயன்படுத்துபவரின் மெயிலில் சிக்னேச்சர் என்ற ஐடி கொண்ட டிவ்வைப் பாருங்கள். கணினி அவுட்லுக்கிலிருந்து வந்தவற்றில் மேலே சொன்ன மெயில்ஆட்டோசிக் என்ற பெயரே ஆங்கர் குறியாகப் பல நேரம் தென்படும். வெப் அவுட்லுக் வழியாகப் போய் வந்த மெயிலில் இந்தப் பெயர்களுக்கு முன்னால் எக்ஸ் எழுத்தும் அண்டர்ஸ்கோரும் ஒட்டிக்கொள்ளும். அதனால் சமமா என்று ஒப்பிடாமல், இன்ஸ்டர் வைத்து உள்ளே அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெறும் எழுத்து மெயிலுக்கு யூஸ்நெட் (பழைய இணைய விவாதக் குழுக்கள்) காலத்து வழக்கம் ஒன்று உண்டு: இரண்டு சிறு கோடு, ஒரு இடைவெளி, பிறகு புதுவரி. அதற்குக் கீழே உள்ளது கையொப்பம். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3676 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதை எழுத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் வழியில் எங்காவது அந்தக் கடைசி இடைவெளி கழன்றுவிடுவது சகஜம், ஆகவே இடைவெளி இல்லாத இரண்டு கோடுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வரி முழுவதும் அது மட்டுமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள்.

கோட்டைக் கண்டதும் கடைசி வரை வெட்டிவிடாதீர்கள். பதில் மேலே, பழைய மெயில் கீழே என்று எழுதுபவர்கள்தான் அதிகம். கையொப்பத்துக்கு அடியில் பழைய உரையாடல் முழுவதும் இருக்கும். ‘ஃப்ரம்:’ என்று தொடங்கும் வரியோ, ‘>’ என்ற குறி போட்ட மேற்கோள் வரியோ வரும் இடத்தில் வெட்டை நிறுத்துங்கள். உங்கள் கணக்குக்குப் பழைய உரையாடல் வேண்டாம் என்றால் அதைத் தனிப் படியாக நீக்குங்கள். இரண்டையும் ஒரே வெட்டில் செய்தால் எது தவறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

எக்செலில் மூன்று நெடுவரிசைகள் வையுங்கள்: முழு வாசகம், வெட்டிய பின் மிஞ்சியது, எந்த விதியால் வெட்டப்பட்டது. மூன்றாவதை வைத்து வடிகட்டினால் தவறான விதி உடனே மாட்டிக்கொள்ளும். பாதிக்கு மேல் வாசகம் போன வரிகளை மட்டும் கண்ணால் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் சூத்திரம்) வைத்து அந்த டிவ்வை வெட்டினேன். சில மெயில்களில் பாதிக் கையொப்பம் மிஞ்சுகிறது.

கையொப்ப டிவ்வுக்குள் இன்னும் பல டிவ்கள் இருக்கும். உங்கள் எக்ஸ்பிரஷன் முதலில் வரும் மூடும் குறியோடு நின்றுவிடுகிறது, அது உள்ளே இருப்பதன் மூடல். முடிந்தவரை நீளமாகப் பிடிக்கும்படி எழுதினால் மெயிலின் கடைசி டிவ் வரை விழுங்கிவிடும். இந்த வேலைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் சரியான கருவி இல்லை. கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் எச்டிஎம்எல்ஃபைல் என்ற பொருளை உருவாக்கி, மெயிலை அதில் எழுதி, டிவ்களை எடுத்து, கிளாஸ் பொருந்தும் டிவ்வை அதன் பேரன்ட்நோடிலிருந்து ரிமூவ்சைல்ட் செய்யுங்கள். உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் சேர்ந்தே போகும். பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கி ஓட்டுங்கள், முன்னாலிருந்து ஓட்டினால் ஒன்று நீங்கியதும் அடுத்தது தாண்டிப்போகும்.

கேள்வி: மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது. கையொப்ப லோகோக்களை எச்டிஎம்எல்லிலிருந்து எடுத்தும் அளவு குறையவில்லையே?

படம் எச்டிஎம்எல்லுக்குள் இல்லை. அட்டாச்மென்டாகத் தனியே இருக்கிறது, எச்டிஎம்எல்லில் இருப்பது சிஐடி என்று தொடங்கும் சுட்டி மட்டும். சுட்டியை எடுத்தால் படம் கண்ணுக்குத்தான் மறையும். ஒவ்வொரு அட்டாச்மென்டின் ப்ராப்பர்ட்டிஅக்சஸர் வழியாக அதன் கன்டென்ட் ஐடியைப் படித்து, நீங்கள் நீக்கிய சுட்டியோடு பொருந்தினால் மட்டும் டெலிட் செய்ய வேண்டும். இங்கும் பின்னிருந்து முன்னோக்கித்தான். கோப்புப் பெயரை நம்பாதீர்கள். இமேஜ்001 என்ற பெயரில் லோகோவும் வரும், வாடிக்கையாளர் மெயிலுக்குள் ஒட்டிய பில் படமும் வரும். இடம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால், பெரிய அட்டாச்மென்ட் உள்ள மெயில்களை அளவு வரிசையில் பார்த்து ஒதுக்குவது சீக்கிரம் முடியும்.

கேள்வி: எங்களுக்கு வருபவை தமிழ் மெயில்கள். ‘நன்றி’, ‘இப்படிக்கு’ என்று மேக்ரோவில் எழுதினால் கேள்விக்குறிகளாக மாறிவிடுகிறது.

விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) எடிட்டர் யூனிகோடு எழுத்துகளைத் தாங்காது. மேக்ரோ ஓடும்போது சரங்கள் யூனிகோடுதான், எழுதும் ஜன்னலில்தான் கோளாறு. எழுத்தின் எண்ணைக் கொடுத்து சிஎச்ஆர்டபிள்யூ மூலம் சொல்லைக் கட்டுங்கள். ‘நன்றி’க்கு 2984, 2985, 3021, 2993, 3007 என்ற ஐந்தும் இந்த வரிசையில். புள்ளிக்கும் கொம்பு, சுழிகளுக்கும் தனி எண் உண்டு என்பதால் மூன்று எழுத்துக்கு ஐந்து எண் வருகிறது. இதைவிட வசதி, சொற்களை எக்செல் தாளில் எழுதி வைத்து மேக்ரோவை அங்கிருந்து படிக்கச் செய்வது. நாளைக்குத் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று ஒன்று சேர்க்க எடிட்டரைத் திறக்கவே வேண்டாம்.

இங்கே சொல்லை வைத்து ஊகிப்பதால் இரண்டு நிபந்தனை சேருங்கள்: அந்த வரியில் அந்தச் சொல் மட்டுமே இருக்க வேண்டும் (காற்புள்ளி, முற்றுப்புள்ளி இருக்கலாம்), அதற்குக் கீழே ஏழெட்டு வரிக்கு மேல் இருக்கக்கூடாது. ‘நன்றி’ என்று எழுதிவிட்டு நீண்ட பின்குறிப்பு எழுதுபவர்கள் நம்மவர்களில் நிறைய.

கேள்வி: வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கட்சிக்காரரின் மெயில்களைக் கோப்பில் வைக்க அச்செடுக்கிறோம், கையொப்பமே பாதிப் பக்கம் வருகிறது. நீக்கிச் சேமிக்கலாமா?

சேமிக்காதீர்கள் ஐயா. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழில் ஹேஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கேட்கிறார்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் மாறிவிடும். எஸ்/மைம் முறையில் டிஜிட்டல் சிக்னேச்சர் போட்ட மெயிலாக இருந்தால், உள்ளே எதை மாற்றினாலும் அந்தச் சான்று செல்லாது. அலுவலக வாசிப்புக்கு மட்டும் வாசகத்தை வேர்டு கோப்புக்கு எடுத்து, அங்கே வெட்டி அச்சிடுங்கள். தாளின் மேலேயே ‘கையொப்பம் நீக்கிய வாசிப்புப் பிரதி’ என்று மேக்ரோ அச்சடிக்கட்டும். நீதிமன்றத்துக்குப் போவது தொடாத மூலமாக இருக்க வேண்டும்.

கேள்வி: ரூல் வைத்து, மெயில் வந்தவுடன் மேக்ரோ ஓட வைக்க நினைத்தேன். ‘ரன் எ ஸ்கிரிப்ட்’ என்ற தேர்வையே காணோம்.

2017-இல் வந்த பாதுகாப்பு அப்டேட் அதை மறைத்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) எனேபிள்அன்சேஃப்கிளையன்ட்மெயில்ரூல்ஸ் என்று ஒன்று சேர்த்தால் திரும்ப வரும், ஆனால் அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இன்பாக்ஸில் மெயில் வந்து சேரும்போது ஓடும் ஐட்டம்ஆட் நிகழ்வில் எழுதிக்கொள்ளுங்கள், ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டாம். ஒரே நேரத்தில் மெயில்கள் குவியலாக இறங்கினால் ஐட்டம்ஆட் சிலவற்றுக்கு ஓடாமல் போகும், ஆகவே நாள் முடிவில் ஒருமுறை ஃபோல்டர் முழுவதையும் ஓட்டும் மேக்ரோ ஒன்றும் வைத்திருங்கள்.

கேள்வி: புது அவுட்லுக்குக்கு மாறிவிட்டேன். மேக்ரோ எங்கே இருக்கிறது?

இல்லை. புது அவுட்லுக்கில் விபிஏ கிடையாது, மேக் அவுட்லுக்கிலும் கிடையாது. கிளாசிக்கை 2029 வரையாவது ஆதரிப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, மேக்ரோவை நம்பி வேலை செய்பவர்கள் அதுவரை அங்கேயே இருக்கலாம். ஜிமெயில் என்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் உண்டு. மெயிலைத் திருத்த அது விடாது, வாசகத்தை எடுத்து வெட்டி ஷீட்ஸில் எழுதலாம். தண்டர்பேர்டுக்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டு கோட்டுக்குக் கீழே உள்ளதை ரிப்ளையில் மேற்கோளாக எடுக்காமல் அதுவே விட்டுவிடும்.

கேள்வி: நேற்று ஓடிய மேக்ரோ, அவுட்லுக்கை மூடித் திறந்ததும் ஓடவில்லை சார்.

அவுட்லுக்கின் பாதுகாப்பு அமைப்பான டிரஸ்ட் சென்டரில் சான்றிட்ட மேக்ரோ மட்டும் என்ற நிலை இருக்கும். அதை ‘எல்லாவற்றையும் அனுமதி’ என்று மாற்றாதீர்கள். ஆபிஸ் நிறுவிய ஃபோல்டரில் செல்ஃப்செர்ட் என்ற சின்ன நிரல் இருக்கிறது, அதில் உங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் உருவாக்கி, எடிட்டரின் டூல்ஸ் மெனுவில் டிஜிட்டல் சிக்னேச்சர் என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அடுத்த முறை திறக்கும்போது ஒருமுறை கேட்கும், நம்புவதாகச் சொல்லிவிட்டால் போதும். கூடவே, உங்கள் மேக்ரோக்கள் முழுவதும் விபிஏபிராஜெக்ட் என்ற பெயரில் ஓடிஎம் கோப்பு ஒன்றில்தான் இருக்கின்றன. ஆப்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் அவுட்லுக் ஃபோல்டரில் இருக்கும். கணினியை ஃபார்மேட் செய்வதற்கு முன் அதைப் பிரதி எடுத்து வையுங்கள்.