அலுவலரின் சொத்து விவரமும் சாலைப் பணியின் எம்-புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) நகலும் கேட்ட ஆர்டிஐ (தகவல் உரிமை) மனுவை "தனிப்பட்ட தகவல்" என்று மறுத்துவிட்டார்களா?

சொத்து விவரத்தை விட்டுவிடுங்கள். சாலைப் பணியின் எம்-புக் நகலை மட்டும் கேட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கேட்டதால்தான் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு தரும் ஆர்டிஐ சட்டப் பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டி மொத்தமாகத் தட்டிக்கழித்திருப்பார்கள். அலுவலர் சொத்துக் கணக்கு தனிப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. அளவும் பில் தொகையும் யாருடைய அந்தரங்கம்?

மறுப்புக் கடிதத்தைப் பாருங்கள்: காரணமும் மேல்முறையீட்டு அலுவலர் விவரமும் இருக்கிறதா? இல்லையென்றால் இவற்றைத் தரச் சொல்லும் பிரிவு 7(8)-இன் மீறல், அதையும் எழுதுங்கள். பெயர், கைபேசி எண்ணை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று பிரிவு 10-ஐச் சுட்டுங்கள்.

ஒன்று, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜே)-யில் இருந்த பொதுநல விலக்கை எடுத்துவிட்டது. இனி பொதுநலன் பெரிதானால் தகவலைத் தரலாம் என்னும் பிரிவு 8(2)-தான் பிடி. வெறுமனே 'பொதுநலன்' என்றால் மேல்முறையீட்டு அலுவலர் அசையமாட்டார். சாலையில் எங்கே குழி, போட்ட எத்தனை மாதத்தில் விழுந்தது என்று போட்டோவோடு காட்டுங்கள்.