‘பெயர் குறிப்பிட விரும்பாத’ அந்த அதிகாரி யார்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நெடுங்காலம் இரவுப் பணி பார்த்தவன் நான். அதனாலோ என்னவோ, அமெரிக்காவில் கதவைச் சாத்திக்கொண்டு யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்ற கேள்விகளெல்லாம் என் மேசைக்கே வந்து சேர்கின்றன. பலரும் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

‘பெயர் குறிப்பிட விரும்பாத மூத்த நிர்வாக அதிகாரி’ என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா? – கோவில்பட்டி

இருக்கிறார். ‘நிர்வாக அதிகாரி’ என்பதுதான் எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் செய்த கோளாறு. அங்கே ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ என்றால் பதவியில் இருக்கும் அதிபரின் அரசு. அதிபருக்கு மிக நெருக்கமான ஒருவரைப் பல வருடங்கள் நான் தாலுகா அலுவலக மேலாளர்போல ஆக்கிவைத்திருந்தேன்.

வாஷிங்டனில் வாய் திறக்கும் முன்பே நிபந்தனையைப் பேசி முடித்துவிடுவார்கள். ‘ஆன் தி ரெக்கார்ட்’ என்றால் பெயரோடு போடலாம். ‘பேக்ரவுண்ட்’ என்றால் சொன்னதைப் போடலாம், பெயரைப் போடக் கூடாது. ‘டீப் பேக்ரவுண்ட்’ என்றால் தகவலைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒருவர் சொன்னார் என்ற தடயமே இருக்கக் கூடாது. ‘ஆஃப் தி ரெக்கார்ட்’ என்றால் காதோடு சரி. இந்த இலக்கணம் பத்திரிகைக்குப் பத்திரிகை கொஞ்சம் மாறும்.

‘பேக்ரவுண்ட்’ பேச்சில் ஆளை எப்படிக் குறிப்பிடுவது என்பது தனிப் பேரம். கூத்து நடப்பது அங்கேதான். கிஸ்ஸிங்கர் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, ‘அமைச்சரின் விமானத்தில் பயணம் செய்த மூத்த அதிகாரி’ என்ற பெயரில் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அந்த மூத்த அதிகாரி அமைச்சரேதான் என்பது விமானத்தில் இருந்த அத்தனை நிருபர்களுக்கும் தெரியும். 2003இல் துணை அதிபர் செனியின் தலைமை அதிகாரி லிபி, தன்னை ‘நாடாளுமன்ற முன்னாள் ஊழியர்’ என்று குறிப்பிடச் சொன்னார். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லரும் அதற்குச் சம்மதித்தார். லிபி ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்தான். ஆகவே அது பொய்யல்ல. ஆனால் படிப்பவன் வெள்ளை மாளிகைப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டான். பிறகு நீதிமன்றம் கேட்டபோது, தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்து 2005இல் மில்லர் 85 நாள் சிறையில் இருந்தார். அப்படியொரு அடைமொழிக்கு ஒப்புக்கொண்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பெருந்தொழிலுக்காகப் பரிந்து பேசும் லாபிக்காரர்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் அறைக்கே போய்ப் பணம் கொடுக்கலாமா? – ஈரோடு

கொடுத்தால் இருவருக்கும் சிறை. அந்தத் தொழிலுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு உண்டு. யாருக்காக வேலை செய்கிறோம், எவ்வளவு பணம் என்று கணக்குக் காட்ட வேண்டும். 2007இல் விதிகளை இறுக்கியபோது விருந்து கொடுப்பதற்கும் தடை வந்தது. உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டால் அது விருந்து. வரவேற்பு நிகழ்ச்சியில் நின்றுகொண்டு பல்குச்சியில் குத்தித் தின்றால் அது விருந்தல்ல. இதற்கு அங்கே ‘பல்குச்சி விதி’ என்றே பெயர். தேர்தல் நிதி தனிக் கணக்கு. அரசு அலுவலகத்தில் இருந்துகொண்டு நிதி கேட்கக் கூடாது என்பதால், உறுப்பினர்கள் சில தெரு தள்ளியுள்ள கட்சி அலுவலகத்துக்கு நடந்துபோய்ச் சிறிய தடுப்பறையில் உட்கார்ந்து, கையில் பட்டியலோடு ஒவ்வொருவராக அழைத்து நன்கொடை கேட்கிறார்கள்.

ராஜரத்தினம் வழக்கில் தொலைபேசியில் பேசியதற்காகவா அத்தனை ஆண்டுச் சிறை? – யாழ்ப்பாணம்

பேசியதைக் கேட்டுப் பங்கு வாங்கி விற்றதற்காக. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் நியூயார்க்கில் கேலியன் என்ற முதலீட்டு நிதியத்தை நடத்தினார். 2008 செப்டம்பர் 23 அன்று கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் இயக்குநர் குழு தொலைபேசி வழியாகக் கூடியது. வாரன் பஃபெட் 500 கோடி டாலர் போடப்போகிறார் என்பது முடிவானது. சந்தை மூடுவது நான்கு மணிக்கு. குழுக் கூட்டம் முடிந்த ஒரு நிமிடத்துக்குள் அதன் உறுப்பினர் ரஜத் குப்தாவின் தொடர்பிலிருந்து ராஜரத்தினத்துக்கு அழைப்பு போனது. மணி அடிப்பதற்குள் கேலியன் கோல்ட்மேன் பங்குகளை வாங்கிவிட்டது. பஃபெட் செய்தி ஊருக்குத் தெரிந்தது அதன் பிறகுதான்.

அந்த அழைப்பு ஒலிப்பதிவில் இல்லை. அகப்பட்டது மறுநாள் பேச்சு. கோல்ட்மேனுக்கு நல்லது நடக்கலாம் என்று 3:58க்குத் தனக்கு ஓர் அழைப்பு வந்ததாக ராஜரத்தினம் தன் அலுவலகத்து ஆளிடம் சொன்னது ஒட்டுக்கேட்புக் கருவியில் பதிவாகியிருந்தது. போதைப்பொருள் கும்பல்களுக்கும் மாஃபியாவுக்கும் வைத்த பொறியைப் பங்குச் சந்தைக்காரர்களுக்கு இவ்வளவு பெரிய அளவில் வைத்தது அதுவே முதல் முறை. 2011இல் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 11 ஆண்டுச் சிறை. குப்தாவுக்கு 2 ஆண்டு. குப்தா அந்த அழைப்பில் நேரடியாக எந்தப் பணமும் பெறவில்லை என்பது அவர் தரப்பின் வாதம். எனக்கு அது பொய்யாகப் படவில்லை. தான் உள்ளே இருப்பவன் என்று இன்னொருவருக்குக் காட்டிக்கொள்ளும் ஆசைக்குக் காசு எதற்கு?

தொலைக்காட்சியில் ஆவேசமாகப் பேசுகிறவர்கள் உள்ளுக்குள்ளும் அப்படித்தான் நம்புகிறார்களா? – மதுரை

ஃபாக்ஸ் நியூஸ் விஷயத்தில் இதற்கு நீதிமன்ற ஆவணமே இருக்கிறது. 2020 தேர்தலில் தங்கள் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்ததாக ஒளிபரப்பியதற்காக டொமினியன் நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. அமெரிக்காவில் ஊடகத்தின் மீது அவதூறை நிரூபிப்பது மலையைக் கெல்லுகிற வேலை. 1964ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, செய்தி தவறு என்று காட்டினால் மட்டும் போதாது. பொய் என்று தெரிந்தே வெளியிட்டார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று கவலையே படவில்லை என்று காட்ட வேண்டும். மனத்துக்குள் இருந்ததை எப்படிக் காட்டுவது? கைப்பேசியைத் திறக்கச் சொல்லித்தான். ஊடகத்தைக் காப்பதற்காக வந்த தீர்ப்பே ஊடகத்தின் பெட்டியைத் திறக்கிற சாவியும் ஆனது.

வெளியே வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்தால், திரையில் இடம் கொடுத்த மோசடிக் கதையைத் தங்களுக்குள் கேலி செய்திருக்கிறார்கள். டிரம்ப்பின் பதிவு ஒன்றைத் தங்கள் நிருபரே சரிபார்த்து மறுத்தபோது, நட்சத்திரத் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்கிறார். பங்கு விலை இறங்குகிறதாம். 2023 ஏப்ரல் 18 அன்று நடுவர்கள் தேர்வாகி வாதம் தொடங்க இருந்த வேளையில், 78.75 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

சன் வேலி கூட்டத்தில் என்னதான் நடக்கிறது? – சிங்கப்பூர்

ஐடஹோ மலையில் ஆலன் அண்ட் கம்பெனி என்ற சிறிய முதலீட்டு வங்கி 1983 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் நடத்துவது. நிருபர்கள் வேலிக்கு வெளியே நின்று, எந்தக் கோடீஸ்வரர் யாரோடு நடக்கிறார் என்று பார்த்து எழுதுவார்கள். வாஷிங்டன் போஸ்ட்டை விற்பது பற்றி அதன் தலைவர் டொனால்ட் கிரஹாமும் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸும் 2013இல் அங்கே பேசினார்கள். அடுத்த மாதமே 25 கோடி டாலருக்கு விற்பனை அறிவிப்பு வந்தது. மற்றபடி அது பணக்காரர்களின் கோடை விடுமுறை.

ஹாலிவுட்டில் நடிகரைவிட ஏஜெண்ட் பெரியவரா? – சென்னை

ஒரு காலத்தில் லூ வாசர்மேன் என்ற ஏஜெண்ட் பெரியவராகத்தான் இருந்தார். 1950இல் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு யுனிவர்சல் ஸ்டுடியோவால் அவருடைய வழக்கமான சம்பளத்தைக் கொடுக்க முடியவில்லை. சம்பளமே வேண்டாம், லாபத்தில் பங்கு கொடுங்கள் என்றார் வாசர்மேன். நட்சத்திரம் கூலிக்காரர் என்ற நிலை மாறிப் பங்குதாரர் ஆனது அந்தப் பேரத்துக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. நடிகருக்காகப் பேசும் ஏஜெண்டே தயாரிப்பாளராகவும் இருக்கக் கூடாது என்பது அன்றைய நடிகர் சங்க விதி. 1952இல் வாசர்மேனின் எம்சிஏ நிறுவனத்துக்கு மட்டும் தொலைக்காட்சித் தயாரிப்புக்காக அந்த விதி தளர்த்தப்பட்டது. அப்போது சங்கத் தலைவர் யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன். எம்சிஏவின் வாடிக்கையாளர். 1954 முதல் எம்சிஏ தயாரித்த தொடரிலேயே தொகுப்பாளர் வேலையும் அவருக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் முடிச்சு உண்டா என்று 1962இல் விசாரணை நடுவர் குழு அவரைக் கேட்டது. நினைவில்லை என்று பல முறை சொன்னார். அவர் மீது வழக்கு எதுவும் வரவில்லை. எம்சிஏ மட்டும் ஏஜெண்ட் தொழிலைக் கைவிட வேண்டியதாயிற்று.

நிக்சனுக்கு முன் எந்த அதிபரும் பேச்சைப் பதிவு செய்யவில்லையா? கேட்கத் தகுந்த ஒன்றைச் சொல்லுங்கள். – தஞ்சாவூர்

ரூஸ்வெல்ட் காலத்திலிருந்தே உண்டு. நிக்சனுடைய கருவி குரல் கேட்டால் தானாக ஓடும். 1971 பிப்ரவரி முதல் 1973 ஜூலை வரை சுமார் 3,700 மணி நேரம் ஓடிற்று. ஓடுவதையே அவர் மறந்துபோனார். லிண்டன் ஜான்சன் அப்படியல்ல. எதைப் பதிவு செய்வது என்பது அவர் கையில் இருந்தது.

அரசியலுக்காகக் கேட்பதென்றால் 1963 நவம்பர் 29 அன்று செனட்டர் ரிச்சர்ட் ரஸலுடன் ஜான்சன் பேசியதைக் கேளுங்கள். கென்னடி கொலையை விசாரிக்கும் குழுவில் சேர ரஸல் முடியாது என்கிறார். குழுவின் தலைவரான தலைமை நீதிபதி வாரனைத் தனக்குப் பிடிக்காது என்கிறார். ஜான்சன் அமைதியாகச் சொல்கிறார்: உங்கள் பெயரை ஏற்கெனவே அறிவித்தாயிற்று.

எனக்குப் பிடித்தது 1964 ஆகஸ்ட் 9 அன்று பதிவானது. வியட்நாமில் போரிட அதிகாரம் தரும் தீர்மானம் நிறைவேறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜான்சன் டெக்சாஸில் உள்ள ஹேகர் கால்சட்டை நிறுவனத்தை அழைத்து ஆறு கால்சட்டை வேண்டும் என்கிறார். தன் எடை பத்துப் பதினைந்து பவுண்டு ஏறி இறங்கும், இடுப்பில் இடம் விட வேண்டும். பை ஆழமாக இருக்க வேண்டும், உட்கார்ந்தால் கத்தியும் காசும் விழுகின்றன. பிறகு கவட்டைப் பக்கம் எங்கே இறுக்குகிறது, எத்தனை அங்குலம் கூட்ட வேண்டும் என்று உடலின் பாகங்களைப் பெயர் சொல்லி விளக்குகிறார். இடையில் ஓர் ஏப்பமும் விடுகிறார். எதிர்முனையில் இருப்பவர் எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறார். எந்த முகவரிக்கு அனுப்புவது என்கிறார்.

“வெள்ளை மாளிகை.”