உதவிக்கு முன் ஒரு பிரார்த்தனை – கடிதம்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

எங்கள் பகுதியில் மதம் சார்ந்த தொண்டு நிறுவனம் ஒன்று சில ஆண்டுகளாக இயங்கி வருகிறது. மிகவும் வறிய குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, தையல் இயந்திரமோ ஆடுகளோ வாங்கித் தந்து, வாரந்தோறும் வீட்டுக்கே சென்று விசாரிக்கிறார்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சேமிக்க வைக்கிறார்கள். கூட்டம் பிரார்த்தனையோடுதான் தொடங்கும். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஓய்வுபெற்ற கணக்காளர் என்பதால், குழுவினருக்குக் கணக்கு எழுதக் கற்றுத் தர முடியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். "அது ஆள் பிடிக்கும் வேலை, போகாதே" என்கிறார் என் கணவர். ஆனால் கடனிலிருந்து மீண்டு, பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கு அனுப்பிய இரண்டு குடும்பங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இத்தகைய தொண்டு உண்மையில் வறுமையைப் போக்குமா, கொடுக்கும் வரை மட்டும்தானா? நான் போகலாமா?

இப்படிக்கு,
தங்கள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போக வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் உங்கள் கணவரின் ஐயத்தையும் உடன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த ஐயம் அங்கே தேவைப்படும்.

முதலில் வறுமையைப் பற்றிய கேள்வி. வறுமை என்றால் குறைந்த வருமானம் என்று மட்டும் எண்ணிவிடுகிறோம். மிக ஏழைக் குடும்பங்களை வீழ்த்துவதோ பெரும்பாலும் அந்த வருமானத்தின் நிச்சயமின்மை. சில வாரம் வேலை இருக்கும், சில வாரம் இருக்காது. வேலையில்லாத வாரத்தில் ஒரு காய்ச்சலோ சாவோ வந்துவிட்டால் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும், அந்தக் கடனை அடைக்க வீட்டிலிருக்கும் ஒரே பொருளை விற்க வேண்டும், அதுவும் போதாதபோது பிள்ளையின் படிப்பு நிற்கும். இப்படியொரு வீட்டுக்கு ஓர் ஆட்டை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அடுத்த காய்ச்சலுக்கு அந்த ஆடு விற்கப்படும். அதைக் குடும்பத்தின் பொறுப்பின்மை என்று சொல்வது பெரிய அநீதி.

வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் மிக ஏழைகளுக்கென்றே 2002இல் தொடங்கிய திட்டம் இந்தப் புரிதலிலிருந்து பிறந்தது. வருமானம் தரும் சொத்து ஒன்று, அது பலன் தரத் தொடங்கும் வரை வீட்டுச் செலவுக்குச் சிறு தொகை, தொழிற்பயிற்சி, சேமிக்க வழி, மருத்துவ உதவி, இவற்றோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வீடு தேடி வந்து பேசும் ஒரு பணியாளர் என எல்லாம் சேர்ந்ததே அத்திட்டம். இதே முறை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடையே சோதிக்கப்பட்டு, 2015இல் முடிவுகள் வெளியாயின. உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும் அக்குடும்பங்களின் செலவு செய்யும் திறனும் சொத்தும் சேமிப்பும், உதவி பெறாத குடும்பங்களைவிட உயர்ந்தே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் பலருக்குக் கொடுத்த கோழிகள் நோயில் மடிந்துபோனதால் பலன் தேயலாயிற்று.

இவற்றில் கானாவில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. அங்கே திட்டத்தை நடத்தியது பிரெஸ்பிடேரியன் திருச்சபை சார்ந்த ஒரு வேளாண் சேவை அமைப்பு. சில குடும்பங்களுக்கு முழுத் திட்டமும், சிலருக்கு ஆடுகள் மட்டும், சிலருக்குச் சேமிப்புக் கணக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத் திட்டத்தைப் பெற்றவர்களிடமே பலன் நிலைத்தது. ஆடு மட்டுமோ சேமிப்பு மட்டுமோ நீடித்த மாற்றம் எதையும் தரவில்லை. ஆகவே, கொடுக்கும் வரை மட்டும்தானா என்ற உங்கள் கேள்விக்கான விடை, அந்த நிறுவனம் பொருளோடு சேர்த்து வேறு எதையெல்லாம் கொடுக்கிறது, எத்தனை நாள் கூட நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த வரி அதுதான். யாரும் வாசலில் வந்து நிற்காத ஒரு வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வந்து, பெயர் சொல்லி அழைத்து, போன வாரம் என்ன ஆயிற்று என்று கேட்பது சிறிய உதவி அல்ல. பிராக் மதம் சார்ந்த அமைப்பு அல்ல என்பதால், இந்தப் பொறுமை பக்தர்களுக்கு மட்டுமே உரியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வழிபாட்டுச் சமூகங்கள் பல இடங்களில் எந்தத் திட்டமும் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவை, நிதி தீர்ந்த பிறகும் அங்கேயே இருக்கப்போகிறவை. அது அவற்றின் மெய்யான பலம்.

இனிப் பிரார்த்தனைக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸில் இன்டர்நேஷனல் கேர் மினிஸ்ட்ரீஸ் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம், உள்ளூர்ப் போதகர்களைக் கொண்டு மிக ஏழைகளுக்கு 15 வாரத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. சமயமும் அறநெறியும் ஒரு பகுதி. உடல்நலம் ஒரு பகுதி. பிழைப்புத் தொழில் மற்றொரு பகுதி. பிரையன், சோய், கார்லன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் இந்தப் பகுதிகளைப் பிரித்து, 6,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடையே ஆராய்ந்து, தங்கள் முடிவுகளை 2021இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். சமயப் போதனையைப் பெற்றவர்களின் பக்தியும் வருமானமும், திட்டம் முடிந்து ஆறு மாதங்களில், அதைப் பெறாதவர்களைவிட உயர்ந்திருந்தன. ஆனால் அவர்களது செலவு செய்யும் திறனிலோ, உணவுக்கான உறுதிப்பாட்டிலோ, வாழ்க்கையில் காணும் மனநிறைவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, தம் சமூகத்தில் பொருளாதார வகையில் தாம் எந்தப் படியில் இருக்கிறோம் என்று கேட்டபோது, அவர்கள் தம்மை, போதனை பெறாதவர்களைவிடத் தாழ்ந்த படியில் வைத்துக்கொண்டார்கள் என்பது. முப்பது மாதங்கள் கழித்துப் பார்த்தபோது பக்தியின் தீவிரத்தில் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது; ஆயினும் தம்மைக் கத்தோலிக்கர் என்று சொல்பவர்கள் குறைந்து, சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டன்ட்) என்று சொல்பவர்கள் கூடியிருந்தார்கள். அவர்களது செலவு செய்யும் திறன் கூடியதற்குச் சில சான்றுகள் தென்பட்டன. அவை உறுதியானவை அல்ல.

இந்த ஆய்வு யாருக்கும் முழு வெற்றியைத் தரவில்லை. நம்பிக்கை ஒரு மனிதரை விடாமுயற்சியோடு உழைக்கத் தூண்டக்கூடும் என்பதற்கு அதில் இடமிருக்கிறது. உதவியோடு வரும் போதனை சிலருடைய சமய அடையாளத்தை மாற்றிவிடும் என்பதற்கும் அதிலேயே சான்று இருக்கிறது. உங்கள் கணவர் அஞ்சுவது கற்பனை அல்ல.

கூட்டத்தின் தொடக்கத்தில் ஒருவர் பிரார்த்தனை செய்வதில் நான் தவறு காணவில்லை. தம்மை இந்தப் பணிக்கு அனுப்பிய நம்பிக்கையை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடம் கேட்பது நேர்மையாகாது. தவறு தொடங்கும் இடம் வேறு. பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு தாய், உதவி செய்பவரின் முன் "எனக்கு இதில் விருப்பமில்லை" என்று சொல்வது எளிதல்ல. ஆகவே அவளுடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் உரிமை எந்தத் தொண்டருக்கும் இல்லை. பேரிடர் நிவாரணத்துக்காகச் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை நெறி, ஒரு குறிப்பிட்ட அரசியல் அல்லது சமய நிலைப்பாட்டை வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதை உருவாக்கியவர்களில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான கரித்தாஸும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. மத நிறுவனங்கள் தாமே ஏற்றுக்கொண்ட அளவுகோலை நாம் அவர்களிடம் நீட்டுவதில் கூச்சம் தேவையில்லை. பாகிஸ்தானில் 2001 முதல் வட்டியில்லாக் கடன் தரும் அகுவாத் அமைப்பு மசூதிகளில் வைத்தே கடன் வழங்குகிறது, தேவாலயங்களிலும் வழங்குகிறது. எல்லா மதத்தவருக்கும் கொடுக்கிறது. வழிபாட்டிடத்தைப் பயன்படுத்திக்கொண்டே வழிபாட்டை நிபந்தனையாக்காமல் இருக்க முடியும்.

எனவே, ஒப்புக்கொள்வதற்கு முன் பொறுப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். பிரார்த்தனை முடிந்த பிறகு வந்து சேரும் பெண்ணுக்கும் அதே உதவி கிடைக்குமா? குடும்பங்கள் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன, அவற்றில் வேற்று மதத்தவர் எத்தனை பேர்? திட்டத்தை விட்டு நடுவில் விலகிய குடும்பங்களை யாராவது போய்ப் பார்த்தார்களா? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் தரும் விடை உங்களுக்கு நிறையச் சொல்லும். வெற்றி பெற்ற குடும்பங்களைக் காட்டுவது எல்லா நிறுவனங்களுக்கும் எளிது.

இது அரசின் கடமை அல்லவா என்று வேறு வாசகர் சிலர் கேட்கக்கூடும். கடமைதான். பள்ளி, மருத்துவமனை, முதியோர் ஓய்வூதியம் போன்றவற்றை எந்தத் தொண்டு நிறுவனமும் ஈடுசெய்ய முடியாது. அவை தமக்கும் உரியவை என்று அறியாத ஒரு வீட்டை அவற்றின் வாசல் வரை அழைத்துச் செல்வது நல்ல தொண்டரின் வேலை.

உங்களைக் கணக்குக் கற்றுத்தர அழைத்திருப்பது நல்ல அறிகுறி. ஜெர்மனியில் ஊர்த் தலைவராக இருந்த ரைஃபைசன் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பிறகு செல்வந்தர்களின் பொறுப்பில் விவசாயிகளுக்குக் கால்நடை வாங்க உதவும் சங்கம் அமைத்தார். கொடுப்பவர்களின் ஆர்வம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்தது. 1864இல் ஹெடெஸ்டார்ஃபில் அவர் தொடங்கிய கடன் சங்கத்தில், கடன் பெறுபவர்களே உறுப்பினர்கள், பொறுப்பும் அவர்களுடையதே. பல நாடுகளில் பரவிய கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அந்த வழியில் வந்தவை. அவருடைய நம்பிக்கை மாறவில்லை. பணமும் முடிவும் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் மாற்றம் நேர்ந்தது.

ஆகையால் நீங்கள் போகும்போது குழுவின் கணக்குப் புத்தகத்தை நீங்கள் எழுதாதீர்கள், நிறுவனத்தின் பணியாளரும் எழுத வேண்டாம். முதல் கூட்டத்திலிருந்தே குழுவில் ஒருவர் எழுதட்டும், எழுதியதை எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். தப்பு வரும்போது அருகில் இருந்து திருத்துங்கள். சேமிப்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.